ஆகார் திரும்பிப் போன அதிகாரம்

கல்மண்டபம், ராயபுரம்,
1927 ஜூலை 4

கர்த்தருக்குள் பிரியமான தெபோராளுக்கு அன்னபாக்கியம் எழுதுவது.

நான் சுகம். உன் சுகத்தைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும்? மே மாத வகுப்பு முடிந்து மாயவரம் ஸ்டேஷனில் என்னை ரயில் ஏற்றிவிட்டாய். போய்ச் சேர்ந்தாயா என்று ஒரு கார்டு போட உனக்குக் கை வரவில்லை. பயிற்சிப் பள்ளியில் உபாத்தியாயினி ஆகிவிட்டால், ஒரே பாயில் படுத்துப் படித்த சிநேகிதி மறந்துபோவாள் போலும். போகட்டும், நானே எழுதுகிறேன்.

நீயும் உங்கள் மிஷன் துரைசானி மிசியம்மாளும் வகுப்பில் கற்றுக்கொடுத்த வேதபாட முறையை இங்கே ஆரம்பித்துவிட்டேன். நம் சபையார் ஒருவருடைய கயிற்றுக் கிடங்குக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. ஆண்கள் ஆர்பரில் துறைமுக வேலைக்குப் போனபின், பெண்கள் சோறு வடித்து வைத்துவிட்டு மத்தியானத்தில் வருவார்கள். அநேகமாக எல்லோரும் இந்துக்கள். ஒருத்தி மட்டும் துலுக்கப் பெண், ரஹீமுன்னிசா என்று பெயர். அடுத்த வீடு. "கதை கேக்க வரேன், வேதத்துல சேர வரல" என்று முதல் நாளே சொல்லிவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

யாருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆகவே ஆதியாகமத்தை முதலிலிருந்து எடுத்து, ஒவ்வொரு வசனத்தையும் மெதுவாகத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். பிறகு நீ சொன்ன மூன்று கேள்விகள்: இங்கே என்ன எழுதியிருக்கிறது? அதற்குப் பொருள் என்ன? அதைக் கேட்ட நாம் என்ன செய்யவேண்டும்? நான் பிரசங்கம் பண்ணுவதில்லை என்றதும் அவர்களுக்குத் திகைப்பு. "இன்னாம்மா, பட்சவங்க நீங்க. எங்களாண்ட போயி கேக்கறீங்க?" என்றார்கள். வெகுநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கோ சொல்லிக் கொடுத்துவிட நாக்கு துடிக்கிறது. உன் முகத்தை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் வருகிறது. நன்றாகக் கவனிப்பவள் கெங்கம்மா. இருபது வயசுகூட இராது. அவள் புருஷன் நீலமேகம் ஆர்பரில் கரிக் கப்பல் கூலிகளுக்கு மேஸ்திரி. மூத்த சம்சாரம் பட்டம்மாள் இவளுக்குக் கூடப்பிறந்த அக்காள்தான். பிள்ளையில்லை என்று அக்காளே மீஞ்சூருக்குப் போய்த் தங்கையைக் கேட்டுக் கூட்டிவந்து கட்டிவைத்தாளாம். இவளுக்கு இப்போது வயிற்றில் உண்டாகியிருக்கிறது.

போதகர் ஐயாவுக்கு மட்டும் என்மேல் வருத்தம். "பைபிள் ஸ்திரீ வாயைப் பூட்டிக்கொண்டால் சுவிசேஷத்தைச் சுவரா சொல்லும்?" என்றாராம். நீ பதில் போடு. இந்தத் தடவையும் போடாவிட்டால் நான் மாயவரத்துக்கே வந்து சண்டை போடுவேன்.

உன் பழைய
அன்னம்


மாயவரம்,
1927 ஜூலை 11

என் அருமை அன்னத்துக்குத் தெபோராள் ஆயிரம் ஸ்தோத்திரங்களுடன் எழுதுவது.

கார்டு போடாதது குற்றம்தான். மலேரியாக் காய்ச்சலில் கிடந்தேன் என்று சொன்னால் நீ கிளம்பி வந்து நின்றுவிடுவாய் என்றுதான் எழுதவில்லை. இப்போது எழுந்து நடமாடுகிறேன். கொயினா மருந்தின் கசப்பு மட்டும் நாக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

உன் கடிதத்தை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். மிசியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசிக்கத் தெரியாத பெண்களிடத்தில் இந்த முறை செல்லுமா என்று அவருக்கே சந்தேகம் இருந்தது. நீ செய்து காட்டிவிட்டாய்.

ஒன்று மட்டும் மறுபடி சொல்லுகிறேன். உன் வாய்தான் உனக்குச் சத்துரு. நாம் சிறுபிள்ளையாய் இருந்தபோது எப்படிப் படித்தோம்? உபதேசியார் முடிவை முன்னாலே சொல்லிவிடுவார், அப்புறம் அதற்கு வசனம் தேடுவார். நமக்கு அவருடைய முடிவு தெரிந்ததே தவிர வேதம் தெரியவில்லை. இப்போது வசனத்திலிருந்து முடிவுக்குப் போகிறோம். அந்த வழியை அவர்கள் தங்கள் காலால் நடக்கவேண்டும். நீ தூக்கிக்கொண்டு போனால், நீ இல்லாத நாளில் அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்கள்.

கெங்கம்மாவைப் பற்றி இன்னும் எழுது. போதகர் ஐயாவுக்காக ஜெபி, வாதாடாதே.

உன்
தெபோராள்


ராயபுரம்,
1927 ஆகஸ்டு 22

பிரியமுள்ள தெபோராள்,

அவசரமாக எழுதுகிறேன். இதைக் கண்டவுடன் பதில் போடு.

போன வாரம் வரிசைப்படி பதினாறாம் அதிகாரம் வந்தது, ஆகாருடைய கதை. நானாக அதைத் தேடி எடுக்கவில்லை, அதை நீ நம்பவேண்டும். பிள்ளையில்லாத சாராய் தன் அடிமைப்பெண் ஆகாரைத் தானே புருஷனுக்குக் கொடுக்கிறாள், அவள் கர்ப்பவதியானதும் சாராய்க்கு மனம் பொறுக்கவில்லை என்று வாசித்தேன். எல்லோரும் கெங்கம்மாவைப் பார்க்காமலிருக்கப் பிரயாசைப்பட்டார்கள். அவள் மாத்திரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாராயின் கொடுமைக்கு ஓடிப்போன ஆகாரிடம் பாலைவனத்தில் தேவதூதன், எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறானல்லவா? என்ன கவனித்தீர்கள் என்று கேட்டேன். கெங்கம்மாதான் சொன்னாள்:

"ரெண்டு கேள்வி கேட்டாரு. அவ ஒண்ணுக்குத்தான் பதில் சொன்னா. எங்கேர்ந்து ஓடியாறேன்னு சொல்லிட்டா. எங்க போறேன்னு சொல்லல."

"ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"போறதுக்கு எடம் இருந்தாத்தானம்மா சொல்லுவா."

அந்த வசனத்தை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன். எனக்குத் தோன்றியதில்லை. உனக்கு எழுதவேண்டும் என்று அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாய் வீட்டுக்குப் போனேன் தெரியுமா?

இன்று மத்தியானம் கெங்கம்மா ஒரு துணி மூட்டையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். முதுகில் சூடு போட்ட புண் இருக்கிறது, புதிது. பட்டம்மாள் போட்டது. மேஸ்திரி வீட்டில்தான் இருந்தாராம். "உங்க அக்கா தங்கச்சி சண்டையில நான் தலய வுட மாட்டேன்" என்று முண்டாசைக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாராம். மீஞ்சூரில் அண்ணன் இருக்கிறான், ஏற்கெனவே ஒருமுறை போனவளை அவன்தான் திருப்பிக் கொண்டுவந்து விட்டான்.

நான் அவளுக்கு எண்ணெய் தடவிச் சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டுக் கேட்டாள்: "அந்தம்மாவ தூதரு திரும்பிப் போயி எசமானி நாச்சியாருக்கு அடங்கி இருன்னு சொன்னாரே. நானும் போவணுமா?"

நான் பதில் சொல்லவில்லை.

மாலையில் நீலமேகம் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "அனுப்பிச்சிடுங்கம்மா. புள்ளத்தாச்சி, ஊரு இன்னா பேசும்?" என்று மரியாதையாகவே கேட்டார். இரண்டு நாள் இருக்கட்டும் என்று அனுப்பினேன். போதகர் ஐயாவோ, மிஷன் வீட்டில் ஒரு இந்துவின் மனைவியை வைத்துக்கொண்டால் கலகம் வரும், உடனே அனுப்பு என்கிறார்.

தெபோராள், அவளிடம் நான் போகாதே என்று சொல்லட்டுமா? சொல்லலாம் என்று ஒரு வார்த்தை எழுது, போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்ளுகிறேன்.

அன்னம்


மாயவரம்,
1927 ஆகஸ்டு 24

என் அன்னத்துக்கு,

உன் கடிதம் வந்ததும் மிசியம்மாளிடம் கொண்டுபோனேன். இருவரும் முழங்காலில் நின்று ஜெபித்தோம். அதன்பின் யோசித்து எழுதுகிறேன்.

நீ அவளிடம் போ என்று சொல்லாதே. போகாதே என்றும் சொல்லாதே. நீ போகாதே என்றால் அது அன்னபாக்கியத்தின் வார்த்தையாய் இருக்கும். நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால், வேதக்காரி பேச்சைக் கேட்டுக் கெட்டேன் என்பாள், ஊரும் அதையே சொல்லும். அவள் ஒரு வசனத்தோடு நிற்கிறாள். கதை அங்கே முடியவில்லை. இருபத்தோராம் அதிகாரத்தில் ஆகார் பிள்ளையோடு மறுபடி வெளியே வருகிறாள், அப்போது தேவன் அவளைத் திரும்பிப் போ என்று சொல்லவில்லை. அதையும் அவளுக்கு வாசி, கேள்வியைக் கேள். பதிலை அவள் கண்டடையட்டும். நன்றாகக் கவனிக்கிற பெண் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

உனக்கு இது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். வசனம் தன் வேலையைச் செய்யும், அன்னம். நாம் குறுக்கே நிற்கவேண்டாம்.

கண்ணீரோடு,
தெபோராள்


ராயபுரம்,
1927 செப்டம்பர் 1

பிரியமுள்ள தெபோராள்,

நீ எழுதினபடியே செய்தேன். இருபத்தோராம் அதிகாரத்தைப் பெண்கள் எல்லோரும் இருக்கும்போதே வாசித்தேன். கெங்கம்மா முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். மூன்றாம் கேள்வி வந்தது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்ப அவ வெளிய வந்தப்போ கைப்புள்ள இல்ல, நடக்கற புள்ள. மொத தபா திரும்பிப் போனதால்தான் அந்தப் புள்ள ஒரு வூட்டுல பொறந்து வளந்துது. அதுக்குப் பேரு கூட முன்னாலயே வெச்சி அனுப்பிச்சாரு. பேரு வெச்ச புள்ளைய வுட்டுடுவாரா? எனக்கும் புள்ள பொறக்கட்டும். அப்பால பாத்துக்கலாம். நான் போறேம்மா."

ரஹீமுன்னிசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாடி பேசற? எங்கள்ல அந்த ஆகாரம்மா பேரு ஹாஜரா. புள்ளைக்குத் தண்ணி தேடி ஓடுனாங்கன்னு கேட்டுகீறேன், அடிக்கிறவ வூட்டுக்குத் திரும்பி ஓடுனாங்கன்னு கேட்டதில்ல. சரி, உங்க புஸ்தகத்துல இருக்கட்டும். அவங்களுக்கு மலக்கு, அதான் தூதரு, வந்து நேர்ல சொன்னாரு. உனக்கு யாரு வந்து சொன்னா? அவங்களுக்குச் சொன்னத நீ இன்னாத்துக்கு எடுத்துக்கிற?" என்று கேட்டாள்.

கெங்கம்மா என்னைப் பார்த்தாள். ரஹீமுன்னிசாவும் என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க, வேதக்காரம்மா. வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள்.

எனக்கு ரஹீமுன்னிசா சொன்னது சரியென்று பட்டது. உன் கடிதம் என் மடியில் இருந்தது. "வசனத்தை இன்னொரு தரம் வாசிக்கட்டுமா?" என்றேன். வாசித்தேன்.

அன்று சாயங்காலம் நீலமேகம் ஒரு ஜட்கா கொண்டுவந்தார். கெங்கம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள். பட்டம்மாளும் வண்டியில் வந்திருந்தாள். இறங்கித் தங்கையின் மூட்டையை வாங்கிக்கொண்டு, "ஏறு, வயித்துல இடிச்சிக்காத" என்றாள். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு கொஞ்சம் தணிந்தது. நல்லதாய் முடியும் என்று நீயும் ஜெபி.

அன்னம்


ராயபுரம்,
1927 அக்டோபர் 17

தெபோராளுக்கு,

கெங்கம்மா செத்துப்போனாள்.

வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எட்டாம் மாசத்திலேயே குழந்தை பிறந்தது, பெண். சாயங்காலத்துக்குள் தாய் போய்விட்டாள். குழாயடியில் பாசி வழுக்கி விழுந்தாள் என்று நீலமேகம் சொல்லுகிறார், பட்டம்மாளும் அப்படியே சொல்லுகிறாள். பக்கத்துக் குடித்தனக்காரி என்னிடம் சொன்னது வேறு. பட்டம்மாள் முடியைப் பிடித்துத் தள்ளினாளாம், படிக்கல்லில் விழுந்தாளாம். போலீஸ்காரர் வந்து கேட்டபோது அந்தப் பெண்ணும் குழாயடி என்று சொல்லிவிட்டாள். "அந்த மேஸ்திரி கையிலதாம்மா எங்க ஊட்டுக்காரருக்கு வேல" என்று என்னிடம் அழுதாள். நான் ஸ்டேஷனுக்குப் போனேன். நீ பார்த்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். போகச் சொன்னார்கள்.

மூலக்கொத்தளம் மயானத்துக்கு எடுத்துப்போனார்கள். நான் தெருமுனைவரைக்கும் போனேன். பெண்கள் அதற்குமேல் போகிற வழக்கமில்லை.

குழந்தை பட்டம்மாளிடத்தில் இருக்கிறது. எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது என்றார்கள், தங்கியிருக்கிறது. பஞ்சில் பொதிந்து மடியைவிட்டு இறக்காமல் வைத்திருக்கிறாள். நான் போனபோது, ஆட்டுப்பால் கொடுக்கலாமா, தண்ணீர் எவ்வளவு கலக்கவேண்டும் என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். வேறு என்ன செய்ய? குழந்தைக்குப் பசிக்கிறதே.

இதற்கு எனக்கு வசனம் எழுதி அனுப்பாதே.

அன்னம்


மாயவரம்,
1927 அக்டோபர் 20

என் அன்னத்துக்கு,

எழுதத் தெரியவில்லை. நேற்று ஒரு கடிதம் எழுதினேன். முறையில் குற்றமில்லை, ஒருவருக்கு மாத்திரம் சொல்லப்பட்ட கட்டளையையும் எல்லாருக்கும் சொல்லப்பட்டதையும் நாம் வேறுபிரித்துக் காட்டியிருக்கவேண்டும், இரண்டாம் கேள்வியில் இன்னும் தாமதித்திருக்கவேண்டும் என்று பக்கம் பக்கமாய் எழுதியிருந்தேன். எழுதினதெல்லாம் உண்மைதான். வாசித்துப் பார்த்தபோது எனக்கே அருவருப்பாய் இருந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீ சொல்லட்டுமா என்று என்னிடம் கேட்டாய். நான் வேண்டாம் என்றேன். அந்தப் பெண்ணின் முகத்தை நான் கண்டதில்லை, அவள் முதுகையும் கண்டதில்லை. கண்டவள் நீ. கவனித்தல்தான் முதல் வேலை என்று வருஷம் முழுவதும் கற்றுக்கொடுக்கிற நான், காணாத இடத்தில் முடிவு சொன்னேன். மிசியம்மாள் என்னைத் தேற்றுகிறார். தேற வழி தெரியவில்லை.

நீ இங்கே வந்துவிடு, கொஞ்ச நாள் என்னோடு இரு. இல்லாவிட்டால் நான் அங்கே வருகிறேன். திட்டவாவது எழுது. சும்மா இராதே.

உன்
தெபோராள்


மாயவரம்,
1927 டிசம்பர் 12

அன்பான அன்னம்,

மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. கிறிஸ்மஸ் லீவில் ராயபுரம் வருகிறேன். எந்த ரயிலென்று பிறகு எழுதுகிறேன். வராதே என்றால் அதையாவது எழுது.

தெபோராள்


ராயபுரம்,
1927 டிசம்பர் 19

பிரியமுள்ள தெபோராளுக்கு,

வராதே. கோபத்தினால் சொல்லவில்லை. சொல்லுகிறேன், பொறுமையாய் வாசி.

கெங்கம்மா போனபின் கிடங்கு அறையைத் திறக்கவேண்டாம் என்றிருந்தேன். ரஹீமுன்னிசா விடவில்லை. நேரே போய்ப் பெண்களைக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு, "வாசிங்க, விட்ட எடத்துலேர்ந்து" என்றாள். வாசிக்கிறேன். முதல் கேள்வியைக் கேட்கிறேன், இரண்டாவதையும் கேட்கிறேன். மூன்றாவது வரும்போது புஸ்தகத்தை மூடிவிடுவேன். அவர்களும் எழுந்து போவார்கள்.

போன செவ்வாய்க்கிழமை பட்டம்மாள் வந்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு. பெண்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ரஹீமுன்னிசா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பட்டம்மாள் இளைத்துப்போயிருக்கிறாள், தலைமயிர் வாரவில்லை. குழந்தை மாத்திரம் மொழுமொழுவென்று இருக்கிறது, கன்னத்தில் மைப்பொட்டு. கெங்கம்மா மாதிரியே நெற்றி.

எல்லோரும் போனபிறகும் பட்டம்மாள் எழுந்திருக்கவில்லை.

"என் தங்கச்சி இங்கதான் குந்திகினு கேப்பாளா?" என்றாள்.

"ஆமாம்."

"அன்னிக்கு மூட்டையத் தூக்கினு உங்ககிட்ட வந்தாளே. போவட்டுமான்னு கேட்டாளா?"

"கேட்டாள்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நான் ஒன்றும் சொல்லவில்லை" என்றேன்.

அவள் குழந்தையின் காலைப் பிடித்துவிட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பாராமலே சொன்னாள்: "என் கைய எனக்குத் தெரியும். அவ வயித்தப் பாக்க பாக்க எனக்கு இன்னாவோ ஆயிடும். ஜட்காவுல ஏறச்சொல்ல கூட எனக்குப் பயமா இருந்திச்சு. வேணாம்னேன், எங்க வூட்டு ஆளு கேக்கல. நீங்க அவளாண்ட போவாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, வேதக்காரம்மா. நீங்க சொன்னா கேட்டிருப்பா."

நான் என்ன சொல்லுவேன், தெபோராள்? நியாயப்படி அவளைப் பிடித்து ஸ்டேஷனில் கொடுக்கவேண்டும். கொடுத்தால் அந்தக் குழந்தை யாரிடம் போகும்? மேஸ்திரியிடமா, மீஞ்சூர் அண்ணனிடமா? அவள் மடியில் குழந்தை சிரித்தது. பால் எடுக்கிறதா என்று கேட்டேன். எடுக்கிறது என்றாள். நாளைக்கும் வரலாமா என்று கேட்டாள். வா என்று சொல்லிவிட்டேன். ரஹீமுன்னிசா அதற்காக இப்போது என்னோடு பேசுவதில்லை.

நீ எழுதிய மூன்று கடிதங்களையும் வாசித்தேன். உன்மேல் எனக்குக் குறையில்லை. நீ எனக்குக் கெடுதி நினைத்தவளல்ல, அந்தப் பெண்ணுக்கும் நினைத்தவளல்ல. ஆனாலும் நீ வரவேண்டாம், எழுதவும் வேண்டாம். உன் எழுத்தைக் கண்டால் நான் மறுபடியும் உன்னைக் கேட்க ஆரம்பித்துவிடுவேன். பட்டம்மாளை என்ன செய்ய, அந்தக் குழந்தைக்கு என்ன செய்ய என்று இப்போதே கேட்கத் தோன்றுகிறது. இந்தக் காகிதத்தில் எத்தனை தரம் எழுதி அடித்திருக்கிறேன், பார்.

காய்ச்சல் காலம். வெந்நீர் குடி, உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்னபாக்கியம்